ஏழாம் நம்பர் மலையில் இறங்கிய ஆஸ்டின்

தேயிலைத் தோட்டத்து மண்ரோட்டில் காரைப் பறக்கவிடுகிறவர்களில் இரண்டு இனம் உண்டு. கார் தங்கள் கையை மீறிப் போய்விட்டது என்று ஒப்புக்கொள்கிறவர்கள் முதல் இனம்; அவர்களை இதுவரை யாரும் கண்டதில்லை. இரண்டாவது இனத்தாரை நீங்கள் நன்றாக அறிவீர்கள். அவர்களுடைய கார் ரோட்டோரத் தண்ணீர்க் கானில் விழாது, அவர்கள் இறக்குவார்கள். மதகில் மோதாது, அவர்கள் நிறுத்துவார்கள்.

இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்து ஆபீஸில் பெரிய கிளாக்கராக இருக்கும் அழகுமுத்து இந்த இனத்தின் அப்பழுக்கற்ற மாதிரி. பழைய ஆஸ்டின் ஒன்றை வாங்கிய நாள்முதல், வளைவுக்கு வளைவு ஹாரனை அடித்து, கொழுந்துக் கூடையோடு வரும் பெண்களை மேட்டில் ஏற்றி, தொழிலாளர் லயத்துக் கோழிகளைக் கூரையில் ஏற்றி, புழுதியை வால்போல இழுத்துக்கொண்டுதான் ஹட்டன் டவுனுக்குப் போவார். இரண்டு தடவை ரோட்டைவிட்டே இறங்கியிருக்கிறார். இரண்டு தடவையும் இடுப்பளவு தேயிலை காரை மெத்தைபோலத் தாங்கிக்கொண்டது.

"தேயிலைக்குள்ள விட்டாப் போதும், அது பிடிச்சுக்கும். நான் பாத்துத்தான் விட்டேன்" என்பார். மெத்தை இருக்கும்போது மெதுவாகப் போவானேன்?

மூன்றாம் தடவை இறங்கிய அன்று பக்கத்தில் மனைவி சண்முகவடிவு. ஆறு மாதம். முந்தைய இரண்டும் வயிற்றில் தங்கவில்லை. இதையாவது காப்பாற்றித் தரச் சொல்லி ஹட்டன் டாக்டரிடம் மாதாமாதம் போய்வருகிறாள்.

"கொஞ்சம் மெதுவாப் போங்க. டாக்டரு எங்கயும் ஓடிப்போயிற மாட்டாரு."

"ஒனக்காகத்தான் இந்த வேகம். குலுங்குற ரோட்டுல ரொம்ப நேரம் ஒக்காந்திருந்தா ஒனக்குத்தானே கஷ்டம்?"

இந்த இனத்தாரோடு வாதாடிப் பார்த்திருக்கிறீர்களா? வேண்டாம்.

ஏழாம் நம்பர் மலை வளைவில், புதிதாகக் கொட்டிய சல்லியில் பின்சக்கரம் வழுக்கியது. ஸ்டியரிங் ஒரு பக்கம், கார் ஒரு பக்கம். பிரேக்கை மிதித்தார், கார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சரி, தேயிலை பிடித்துக்கொள்ளும் என்று சரிவில் விட்டார், அல்லது அதுவே போயிற்று. தேயிலை எங்கே? புதிதாகத் துளிர்க்கவென்று மலை முழுக்கக் கவ்வாத்து வெட்டி, செடிகள் முழங்கால் உயரத்துக்குக் குச்சி குச்சியாக நின்றன. பிடிக்க ஓர் இலை இல்லை. கட்டைகளின் மேல் தடதடவென்று முப்பது கெஜம் இறங்கி, ஒரு பாறையில் சாய்ந்து நின்றது ஆஸ்டின். பாறைக்குக் கீழே ஆறு தெரிந்தது.

சண்முகவடிவு இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டிருந்தாள். உள்ளே அசைவு தெரியும்வரை மூச்சுவிடவில்லை. தெரிந்தது. பிறகு கதவைத் தள்ளி இறங்கினாள்.

கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த ஆட்கள் கத்திகளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

"என்னங்கய்யா, வெட்டுன மலையில கொண்டாந்து விட்டுட்டீங்க?" என்றான் மூக்கன். "ஏழாம் நம்பர வெட்டச் சொல்லி, போன கெழம நீங்கதானே எழுதி, தொரைகிட்ட கையெழுத்து வாங்கி அனுப்புனீங்க!"

அழகுமுத்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"தெரியாமயா? எலை இருந்தா கார மறைச்சிரும், ஒங்க கண்ணுல பட்டிருக்காது. அதான் இங்க பாத்து எறக்குனேன்."

எட்டுப் பேர் கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். நசுங்கிய முகத்தோடு கார் கிளம்பவும் செய்தது.

"ஏறு" என்றார்.

"நான் நடந்து வாரேன்."

"இன்னும் நாலு மைலு இருக்கு!"

"இருக்கட்டுங்க. நாங்க ரெண்டு பேரும் நடந்தே வாரோம்."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் நடந்தாள். அவளுக்குப் பின்னால், முதல் கியரில், ஹாரன் இல்லாமல், ஆஸ்டின் ஊர்ந்தது. எதிரே வந்த கொழுந்துப் பெண்கள் ஒதுங்கவில்லை. நின்று வேடிக்கை பார்த்தார்கள். அழகுமுத்து தலையை வெளியே நீட்டி அவர்களுக்கு விளக்கினார்:

"மாசமா இருக்கவங்க நடக்கணும். நான்தான் நடக்கச் சொன்னேன்."

உங்களிடம் கார் இல்லையென்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். இந்த இனத்துக்குக் கார் கட்டாயமில்லை. இத்தனை வருஷம் உங்கள் பக்கத்தில் இருந்த யாராவது அண்மையில் இறங்கி நடக்கத் தொடங்கியிருக்கிறார்களா? நீங்கள்தான் நடக்கச் சொன்னதாக ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களா?