டார்ச் சார் வெளிச்சம் அடிக்காத இடம்

மூடி என்று ஒன்று இருந்தால் அதைத் திறந்து பார்ப்பதற்கென்றே பிறந்தவர் எங்கள் டார்ச் சார். சேலையூர் காலனியில் அவர் எட்டிப் பார்க்காத தண்ணீர் சம்ப் கிடையாது. பட்டப்பகலிலும் சட்டைப் பையில் டார்ச் இருக்கும். கல்யாண வீட்டில் பாயச அண்டாவுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்து, சமையல்காரரிடம் கரண்டியால் அடி வாங்கியிருக்க வேண்டியவர்.

ஆனால் வெள்ளம் வந்தபோது இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஜனங்களைக் கரை சேர்த்தவரும் அவர்தான். எங்களுக்கு அவர் காவிய நாயகன். காவிய நாயகர்களுக்கே உரிய வியாதியும் அவருக்கு உண்டு. போகாதே என்ற இடத்துக்குத்தான் கால் போகும்.

அந்த வெள்ளத்தில் அவர் கைக்கு எட்டாமல் போனவர் எங்கள் ஆபீஸ் நண்பர் முரளி. அவருடைய வருஷ திதிக்கு அனகாபுத்தூர் போயிருந்தோம். படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்துவிட்டு, முரளியின் மனைவி செல்வி கதவைச் சாத்தினார். இறந்தவர் வந்து சாப்பிடும்வரை யாரும் உள்ளே பார்க்கக் கூடாது என்பது வழக்கம்.

"ஆடி அமாவாசைக்கு வச்சது வச்ச மாதிரியே இருந்துச்சுண்ணா. வெள்ளம் வந்த அன்னிக்கு மழையில வேலைக்கு அனுப்புனது நான்தானே. கோவமா இருக்காரு போல" என்றார்.

வெளியே மழை இருட்டு. கரண்டும் இல்லை. திரும்பிப் பார்த்தால் டார்ச் சாரைக் காணோம். "யார் வந்து சாப்புடறாங்கன்னு பாத்துடணும்ப்பா" என்று வழியில் அவர் சொன்னது ஞாபகம் வந்தது. படையல் அறையின் பின்பக்கக் கதவு லேசாகத் திறந்திருந்தது.

உள்ளே தம்ளர் நகரும் சத்தம் கேட்டது. கதவுக்கு அடியிலிருந்து ஆற்றுச் சேற்று வாடை ஜில்லென்று வந்தது.

செல்வி கதவைத் திறந்தார். இலையில் வடை பாதி கடிபட்டுக் கிடந்தது. "வந்துட்டாருண்ணா" என்று அப்படியே உட்கார்ந்து அழுதார். டார்ச் சார் ஒன்றும் தெரியாதவர் போல என் பின்னால் வந்து நின்றார்.

தாம்பரம் பாலம் வரை அடக்கிக்கொண்டு வண்டி ஓட்டினேன்.

"ஏன் சார், படையல் வடையையா கடிப்பீங்க?"

"நான் தொடவே இல்லப்பா. பீரோ பின்னாடி நின்னேன். ஈரக் காலோட யாரோ வந்து உக்காந்த மாதிரி இருந்துச்சு."

"டார்ச் அடிச்சுப் பாக்கலயா?"

"சாப்புடறவன் மூஞ்சில யாராவது லைட் அடிப்பாங்களா?"

அது பொய்யா நிஜமா, எனக்கு இன்றுவரை தெரியாது. போன மாதம் டார்ச் சாரும் போய்விட்டார். அவருக்குப் படைத்த அன்று, கதவைச் சாத்துமுன் இலைக்குப் பக்கத்தில் அவருடைய டார்ச்சை வைத்தேன், புது பேட்டரி போட்டு.