எங்கள் தெருவின் மின்தேவை

நாட்டின் வருங்கால மின்தேவையை முன்கூட்டியே அறிந்து திட்டமிடும் பொருட்டு, எங்கள் மின் அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டரை நிறுவினார்கள். அதற்குள் இருந்த கணக்கு முறைக்கு 'மாதிரி' என்று பெயர். எந்தத் தெருவில் எந்த மணிக்கு எவ்வளவு கரண்ட் செலவாகிறது என்று தட்டிவிட்டால், இருபது வருஷத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று அது சொல்லிவிடும். தட்டுகிற வேலை என்னுடையது.

எங்கள் தெருவில் தினமும் மாலை நாலு முதல் எட்டு வரை கரண்ட் இருக்காது. அதற்கான நாலு கட்டத்திலும் 'மின்வெட்டு' என்று தட்டினேன். எண் மட்டுமே ஏற்கப்படும் என்றது. பூஜ்யம் போட்டேன். ஏற்றுக்கொண்டது.

ஒரு வருஷம் கழித்து மாதிரி தீர்ப்பளித்தது. மேற்படி தெருவாசிகளுக்கு மாலையில் மின்சாரம் தேவைப்படுவதில்லை. ஆகவே வெட்டை நிரந்தரமாக்கலாம்.

அதே தெருவில் என் அக்கா மாவு மில் வைத்திருந்தாள். வேலை விட்டு வருகிறவர்கள் அரைக்க வருவதே அந்த நாலு மணி நேரத்தில்தான். எப்படியும் ஒருநாள் சரியாகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள், நிரந்தரம் என்றதும் என்னையும் இழுத்துக்கொண்டு திட்ட அதிகாரியிடம் போனாள்.

அதிகாரி தங்கமான மனிதர். உட்காரச் சொல்லித் திரையைக் காட்டினார்.

"ஒரு வருஷமா சாயங்காலத்துல நீங்க ஒரு யூனிட்கூட எடுக்கலையேம்மா."

"குடுத்தாத்தானே சார் எடுக்க?"

"தேவையைக் காட்டுங்க, குடுத்துடறோம்."

"கரண்ட் இல்லாம எப்படி சார் காட்டறது?"

அவர் திரையை மேலும் கீழும் நகர்த்தித் தேடினார். "அதுக்கு மாதிரியில கட்டம் இல்லையேம்மா" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "இத்தனை பூஜ்யத்தையும் யாருடா போட்டது?"

நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா செருப்புத் தேய நடந்ததில், 'தேவை நிரூபண வாரம்' அனுமதிக்கப்பட்டது. ஒரு வாரம் மாலையில் கரண்ட் விடப்படும், தேவையுள்ளோர் நிரூபித்துக்கொள்ளலாம். யாரும் கஞ்சத்தனம் பண்ணக் கூடாது என்று அக்கா வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

தெரு சொன்ன சொல் கேட்டது. முதல் நாள் நாலு மணிக்கு ஹீட்டர், மோட்டார், வெயிலில் அத்தனை பல்பும். துணி இல்லாதவர்கள் வெறும் மேஜையை இஸ்திரி போட்டார்கள். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார், இரவல் வாங்கிய மூன்று மிக்சிகளில் பச்சைத் தண்ணீரை அரைத்துக்கொண்டிருந்தார்.

நாலு பதினொன்றுக்கு டிரான்ஸ்பார்மர் வெடித்தது. மில்லில் முதல் மூட்டை கோதுமை பாதிதான் அரைபட்டிருந்தது.

மாதிரி மறுபடி கணக்குப் போட்டது. இவ்வளவு பெரிய தேவையை இன்னும் இருபது வருஷத்துக்கு இந்த நாட்டால் நிறைவேற்ற இயலாது. எனவே புது டிரான்ஸ்பார்மர் வீண்செலவு.

அதன்பின் என் வேலை சுலபமாகிவிட்டது. இருபத்துநாலு கட்டத்திலும் ஒரே எண். பிழையே இல்லாத பதிவு என்று எனக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள்.

அக்கா அதை வாங்கி இரண்டு தரம் படித்தாள். பிறகு கொஞ்சம் கோதுமை மாவில் பசை காய்ச்சி, பூட்டிக் கிடந்த மில் கதவில் ஒட்டிவைத்தாள்.