சிட்டுவுக்கு வயசு பத்தாது

அழுக்குத் துணித் தள்ளுவண்டிக்குள், ஓட்டல் படுக்கை விரிப்புகளுக்கு அடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள் சிட்டு. சலவைக்கூடத்தின் வாசலில் தொழிலாளர் துறை இன்ஸ்பெக்டரின் ஜீப் வந்து நின்றதுமே முதலாளி அவளை உள்ளே தள்ளி மூடிவிட்டார்.

“எதுக்கு மொதலாளி? எனக்குத்தான் முப்பத்தொண்ணு ஆச்சே!”

“அது உனக்கும் எனக்கும் தெரியும். உன் மூஞ்சிக்குத் தெரியுமா? பேசாம படு!”

மூஞ்சிக்குத் தெரியாதுதான். நாலரை அடி உயரம், பால் வடியும் முகம். இந்த முகத்தால் ஏற்கெனவே இரண்டு வேலை போயிருந்தது. வீட்டில் கணவர் கால் முறிந்து கிடந்தார். இதுவும் போனால் அடுப்பெரியாது.

ஓட்டலில் தங்கிய யாரோ விரிப்பில் பவுடரைக் கொட்டியிருந்தார். சிட்டு தும்மினாள்.

விரிப்பு விலகியது. இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். “இறங்கு பாப்பா. பயப்படாத. எந்த கிளாஸ் படிக்கிற?”

“சார், எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு சார்!”

இன்ஸ்பெக்டரின் முகம் இருண்டது. “அடக் கொடுமையே, கல்யாணம் வேறயா?” என்று நோட்டில் இன்னொரு வரி சேர்த்து எழுதிக்கொண்டார்.

அவர் கெட்டவராக இருந்திருந்தால் மனசுக்குள் திட்டியாவது ஆறியிருக்கலாம். தங்கமான மனிதர். சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே நுழையலாம், யாரையும் தனியாக விசாரிக்கலாம், வயதுக்கு ஆதாரம் கேட்கலாம், சந்தேகம் வந்தால் அந்த நிமிஷமே வேலையை நிறுத்தலாம் என்று சட்டம் கொடுத்த அத்தனை அதிகாரத்தையும் அவர் அன்போடு பயன்படுத்தினார். அதுதான் சிட்டுவின் தலையெழுத்து.

அவளைத் தனியாக இஸ்திரி மெஷின் பக்கம் அழைத்துப் போனார். “மொதலாளிக்குப் பயந்து பொய் சொல்லாதம்மா. சட்டம் உன் பக்கம் நிக்குது.”

“அது கொஞ்சம் தள்ளி நின்னாத் தேவலை சார்.”

கொதிக்கும் உருளைக்குள் விரிப்புகளைத் தள்ளிக்கொண்டிருந்தார் மீசை அண்ணன். ஆறடி உயரம், அடர்ந்த மீசை, முழங்கை வரை சூட்டுத் தழும்பு. அவர் வாய் திறந்து பேசி அங்கே யாரும் அதிகம் கேட்டதில்லை.

“பதினெட்டு முடியாதவங்க இந்த மெஷினைத் தொடவே கூடாது அண்ணே,” என்றார் இன்ஸ்பெக்டர். “பெரியவரா இருந்து நீங்கதான் பாத்துக்கணும்.”

மீசை அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு மெல்ல ஆட்டினார்.

சிட்டு வீட்டுக்குப் போன் போட்டாள். அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு மூத்த மகள் பள்ளிச் சீருடையிலேயே ஓடி வந்தாள். பன்னிரண்டு வயது. அம்மாவைவிட ஒரு தலை உயரம்.

“அக்காவா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“மக சார்!”

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். “போன வாரம் ஒரு பொடியன் நாப்பது வயசுன்னு கார்டு காட்டினான்மா. டாக்டர் சோதிச்சுச் சொல்ற வரைக்கும் நீ இங்க வேலை செய்யக்கூடாது.”

“எப்ப சார் சோதிப்பாங்க?”

“வரிசையில ரெண்டு மாசம் ஆகும்.”

இரண்டு மாசம்! சிட்டு முதலாளியைப் பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை பலமாகச் சொல்லியிருக்கலாம். என்னவோ கூரையில் ஒட்டடை தேடுகிறவரைப் போல நின்றார். சிட்டு விசும்பி விசும்பி அழுதாள். அழுததில் இன்னும் மூன்று வயது குறைந்து போனாள். இன்ஸ்பெக்டர் சட்டைப்பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்துக் கொடுத்தார். மகள் அதை வாங்கித் தின்றாள்.

“இந்த உத்தரவுக்குச் சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணும்,” என்று ஒரு தாளை எடுத்தார் இன்ஸ்பெக்டர்.

“நானே போடறேன் சார்,” என்று முதலாளி பாய்ந்து வந்தார்.

“நீங்க போட்டா செல்லாது. பொறுப்பான பெரியவர் இவர் இருக்காரே.” இன்ஸ்பெக்டர் மீசை அண்ணனிடம் பேனாவை நீட்டினார்.

முதலாளி பேனாவுக்குக் குறுக்கே கையை விட்டார். “அவர் வேணாம் சார், அவருக்கு வேலை நிறைய...”

மீசை அண்ணன் பேனாவை வாங்கவில்லை. சிட்டுவின் அழுத முகத்தையே பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். குரல் பாதி கட்டையாகவும் பாதி கீச்சென்றும் உடைந்து வந்தது.

“பதினஞ்சு வயசுக்காரன் போட்டா செல்லுமா சார்?”