தொடாத காபி

சுரைப்பிஞ்சுகளின் வயிற்றைக் குடைந்துகொண்டிருந்தாள் இப்திஹால். குடைந்த இடத்தில் அரிசியும் கொத்துக்கறியும் அடைக்க வேண்டும். எதிரே கைபேசியும் கையுமாக உட்கார்ந்து அவளைக் குடைந்துகொண்டிருந்தான் அவள் புருஷன் ஸுஹைர்.

ஜோர்டானின் இர்பித் நகரில் ஒரு டைல்ஸ் கடைக்கு அவன்தான் கணக்குப்பிள்ளை. உலகத்தில் எதையும் சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று சொல்லிவிடலாம் என்பது அவன் கொள்கை. இன்று அளக்க எடுத்தது மனைவியின் ஆசையை. சிறப்புக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியர் பட்டம் படிக்கவேண்டுமாம். நாளையோடு சேர்க்கை முடிகிறது.

"நாலு வருஷக் கட்டணம் ஐயாயிரம் தினார். பஸ்ஸு, புஸ்தகம் ஒரு ஆயிரம்."

"ம்."

"நீ படிக்கப் போனா சமைக்க ஆள் வைக்கணும். மாசம் இருநூத்தம்பது. நாலு வருஷத்துக்குப் பன்னெண்டாயிரம்."

"சமையலுக்கு இருநூத்தம்பதா?"

"அதுக்குக் குறைஞ்சு எவ வருவா?"

"அப்போ கல்யாணமாகி ஆறு வருஷம் சமைச்சதுக்கு எனக்குப் பதினெட்டாயிரம் வரணும். எங்கே வெச்சிருக்கீங்க?"

ஸுஹைர் அந்த வரியைச் சத்தமில்லாமல் அழித்தான்.

"சரி, வருமானத்துக்கு வா. தனியார் பள்ளியில முந்நூறு குடுத்தா அதிகம்."

"வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்குடுத்தா மணிக்குப் பத்து தினார். வளைகுடாப் பக்கம் மூணு மடங்கு."

"வளைகுடாவுக்குப் போறியா?"

"நீங்களும் வாங்க. அங்கேயும் சமைக்க ஆள் வேணுமே."

ஸுஹைர் கைபேசியைக் கவிழ்த்து வைத்தான். "போட்டது திரும்பி வர்றதுக்குள்ள எனக்குத் தாடி நரைச்சிடும். கணக்கு ஒத்துவரலை. விட்டுடு."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"மாடிவீட்டு அபூ ஃபவ்வாஸோட பேத்தி லுஜைன், எட்டு வயசாகியும் பேசாத பொண்ணு. ஒரு வருஷம் இதே அடுப்படியில உக்காரவெச்சுப் படம் காட்டினேன். போன மாசம் தண்ணின்னு வாயைத் திறந்து கேட்டா. அது உங்க கணக்குல எங்கே வருது?"

"அது புண்ணியக் கணக்கு. நான் பார்க்கிறது கடைக் கணக்கு."

"எனக்குத் தெரிஞ்சது அரைகுறை. இன்னும் மூணு தாய்மாருங்க பிள்ளையைக் கூட்டிட்டு வந்து நிக்கறாங்க. படிக்காம அதுங்களைத் தொட பயமா இருக்கு. அதனால படிக்கத்தான் போறேன்."

"முடியாதுன்னா முடியாது. ஆம்பளை குடுத்த வார்த்தை மாறாது."

"மாறவே மாறாதா?"

"எங்க வம்சத்துலயே மாறினதில்லை."

"நல்லது." அடுத்த பிஞ்சை எடுத்துக் குடையத் தொடங்கினாள். "சாயங்காலம் அபூ ஃபவ்வாஸ் நாலு பெரியவங்களோட உங்களைப் பார்க்க வர்றாராம்."

"எதுக்காம்?"

"பெரிய மனுஷங்க விஷயம். உங்களை விட்டுட்டு என்கிட்டயா சொல்வாங்க?"

ஸுஹைருக்குப் புரிந்துவிட்டது. கார். பக்கத்து வீட்டுக்காரன் வேனை எடுக்கும்போது இவன் காரின் விலாவை நசுக்கிவிட்டான். அதற்குச் சமாதானம் பேசத்தான் வருகிறார்கள். மன்னித்துவிடலாம். ஆனால் ஊரே ஒரு மாதம் பேசுகிற மாதிரி மன்னிக்கவேண்டும். கண்ணாடி முன்னால் நின்று முகத்தைப் பெருந்தன்மையாக வைத்துப் பார்த்துக்கொண்டான்.

வந்தார்கள். மேலங்கியும் தலைத்துணியுமாக வரிசையாக உட்கார்ந்தார்கள். காபி ஊற்றினான். அபூ ஃபவ்வாஸ் கோப்பையை வாங்கி, குடிக்காமல் தன் முன்னால் வைத்துவிட்டார். மற்றவர்களும் வைத்தார்கள். கேட்டு வந்தது கிடைக்காமல் காபியைத் தொடமாட்டார்கள். தொடாத காபியோடு அவர்கள் எழுந்து போனால் வீட்டுக்காரன் ஊரில் தலைகாட்ட முடியாது.

"அபூ யஸன்," என்று அவன் மகன் பெயரைச் சேர்த்து மரியாதையாக ஆரம்பித்தார் பெரியவர். "நாங்க வந்த காரியம் என்னன்னா..."

ஸுஹைர் கையை உயர்த்தினான். "காபியைக் குடிங்க. என்ன கேட்டு வந்தீங்களோ அது உங்களுக்குக் குடுத்தாச்சு."

"காது குடுத்துக் கேட்டுட்டுச் சொல்லுப்பா."

"கேட்டுட்டுக் குடுக்கிறது வியாபாரம். என் வீட்டுல வியாபாரம் கிடையாது. குடிங்க."

குடித்தார்கள். அபூ ஃபவ்வாஸ் மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"அல்லாஹ் உன் வீட்டை நிறைக்கட்டும். நாளைக்குக் காலையில இப்திஹாலைக் கூட்டிட்டுப் போய்ப் பல்கலைக்கழகத்துல சேர்த்துடு. நாலு வருஷமும் நல்லபடியாப் படிக்கட்டும்."

"அப்போ கார்?"

"எந்தக் கார்?"

ஸுஹைர் கோப்பைகளைப் பார்த்தான். எல்லாம் காலி. இனி துப்பச் சொல்லவா முடியும்?

"ஒரு வார்த்தை விசாரிக்கலையே இவன். இந்தக் காலத்துல இப்படிக் குடுக்கிறவன் எங்கே இருக்கான்?" என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். ஸுஹைருக்குப் பெருமையாக இருந்தது. ஆறாயிரம் தினாரும் கூடவே நினைவுக்கு வந்தது. காலிக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனான்.

"இவங்களை வரவெச்சது நீதானே?"

"நான் கேட்டா மறுக்கிறீங்க. அவங்க வந்தா, என்ன கேக்கறாங்கன்னுகூடக் கேக்கமாட்டீங்க. நான் என்ன செய்ய?"

தட்டைக் குழாயடியில் வைத்தான். "சரி. குடுத்த வார்த்தை குடுத்ததுதான். ஆனா ஒரே ஒரு நிபந்தனை. சமையலையும் பாத்திரத்தையும் நீ..."

"நிபந்தனையெல்லாம் காபி ஊத்தறதுக்கு முன்னாடி, அபூ யஸன். குடிச்சு முடிச்சப்புறம் வீட்டு ஆம்பளைக்கு ஒரே ஒரு வேலைதான் பாக்கி. அந்தக் கோப்பையெல்லாம் எடுத்து..."

"இப்திஹால், இங்கே வாம்மா. உன்னை வாழ்த்திட்டுப் போகணும்," என்று கூடத்திலிருந்து அபூ ஃபவ்வாஸ் கூப்பிட்டார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவள் போய்விட்டாள்.

மீதி வாக்கியத்தை ஸுஹைர்தான் முடிக்கவேண்டியிருந்தது. குழாயைத் திறந்தான்.