ஆக்சிடென்ட் பாயின் களாப்பழச் சாறு

பொய்யே பேசாமல் ஒரு மலையையே ஏமாற்றியவர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் ஆக்சிடென்ட் பாய்.

அடிவாரத்திலிருந்து மிளகு வாங்க வந்து, மலைமேல் சோளக்காடு பஸ் நிறுத்தத்திலேயே பழக்கடை போட்டுவிட்டவர். தொண்ணூற்றெட்டு வாக்கில் காட்டுப் பழங்களைச் சேகரிக்க ஒரு கல்லூரியிலிருந்து சிலர் வந்தார்கள். களாப்பழத்தில் ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கிறது, ரத்தக்குழாய்க்கு நல்லதாக இருக்கலாம், இன்னும் ஆராய வேண்டும் என்றார்கள். 'இருக்கலாம்', 'ஆராய வேண்டும்' இரண்டையும் பாய் அங்கேயே ரோட்டோரம் போட்டுவிட்டு, மீதியைப் பிழிந்து பாட்டிலில் அடைத்தார்.

அவர் வாயில் அது 'ஆன்டி ஆக்சிடென்ட்' ஆனது. கொண்டை ஊசி வளைவுகளில் உயிரைப் பிடித்துக்கொண்டு ஓட்டும் டிரைவர்களுக்கு வேறென்ன வேண்டும்? எலுமிச்சம்பழம் தொங்கிய வண்டியிலெல்லாம் சாறு பாட்டிலும் ஏறியது. ஒரு லாரிக்காரர் ரேடியேட்டரில் ஊற்றலாமா என்று கேட்டார்.

"வண்டிக்கு வேண்டாங்க. ஓட்டறவருக்குத்தானுங்க," என்றார் பாய், சிரிக்காமல்.

எதிர் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த எனக்குத் தினமும் இலவச வகுப்பு. கடையில் இரண்டு ரப்பர் குழாய்த் துண்டுகள் வைத்திருந்தார். ஒன்று காய்ந்து வெடித்தது, மற்றது சாற்றில் ஊறியது.

"இது உங்க ரத்தக்குழாயிங்க. இது என்னுது."

"உங்களுதுல எறும்பு மொய்க்குதுங்களே பாய்."

"சத்து இருக்கற எடத்துக்குத்தானுங்க எறும்பு வரும்."

பஸ் டிரைவர் ராசு அண்ணனுக்கு ரத்தக்கொதிப்பு. ஒருநாள் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்க வந்தவர், பெஞ்சிலேயே சரிந்தார். பாய் ஓடிவந்து தாங்கிப் பிடித்தார்.

"மாத்திரை போட்டீங்களா?"

"அதை நிறுத்தி மாசமாச்சுங்க," என்றார் ராசு அண்ணன் ஈனக்குரலில். "உங்க சாறுதான் குடிக்கறனே."

பாயின் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன். கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு, தன் ஜீப்பில் எங்களை ஏற்றிக்கொண்டு அடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். வழியெல்லாம் துஆ ஓதினார்.

என்ன மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று நர்ஸ் கேட்டாள். ராசு அண்ணனுக்குப் பெயர் தெரியவில்லை. பாய் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். "இதுங்களான்னு அவருகிட்டக் காட்டுங்க."

"இது யாரோடது?"

"என்னுதுங்க. எனக்கும் கொதிப்பு இருக்குது."

நான் திரும்பிப் பார்த்தேன். "அப்ப அந்தச் சாறு, பாய்?"

"அது மாத்திரையப் போட்டுட்டு, அதுக்கு மேல குடிக்கறதுங்க."

"இதை ஏன் யாருகிட்டயும் சொல்லலை?"

"யாரும் கேக்கலீங்களே," என்றார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டவர், ராசு அண்ணன் எழுந்து உட்கார்ந்து பேசும்வரை நிமிரவில்லை.

பிறகு வியாபாரத்தை அவரே கெடுத்துக்கொண்டார். பாட்டில் கேட்டு வந்தவர்களிடம், "கொதிப்பு இருக்குதுங்களா? மாத்திரை போட்டாச்சா? எங்க, வாயைத் தொறங்க," என்று போலீஸ்போல விசாரித்தார். பாதிப்பேர் எதிர்க்கடையில் பலாச்சுளை வாங்கித் தின்றுவிட்டுப் போனார்கள்.

டாக்டர் சம்மதித்த பிறகு ராசு அண்ணன் மறுபடி பஸ் எடுத்தார். எனக்கு மாற்றலாகி மலையிறங்கிய காலை, நான் ஏறியிருந்த அவர் வண்டி கிளம்பவே இல்லை. எட்டிப் பார்த்தால், டிரைவர் சீட்டருகே தண்ணீர்ச் சொம்போடு பாய்.

"முழுங்கீட்டீங்களா? நாக்கைத் தூக்குங்க பாப்போம்."

ராசு அண்ணன் பள்ளிக்கூடப் பிள்ளைபோல நாக்கைத் தூக்கிக் காட்டினார். பாய் இறங்கி, பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டி, "போலாம்," என்றார்.

அந்த மலைப்பாதையில் நான் நிம்மதியாகத் தூங்கியது அன்றைக்கு மட்டும்தான்.