அடுப்புக்கு எதிர் மேசை

இனி என் வாழ்நாளில் நெருப்புக்கு முன்னால் நிற்பதில்லை என்று முடிவு செய்தேன். பீடி பற்றவைக்கக்கூட மாட்டேன் என்று சேர்த்துச் சொல்லலாம். ஆனால் என்னுடைய அந்தப் பழக்கத்தை என் பெண்டாட்டி என்றைக்கோ நிறுத்திவிட்டாள்.

காகித ஆலையில் முப்பத்தொரு வருஷம் நான் பாய்லர்மேன். உலை வாயைத் திறக்க வேண்டும், விறகைத் தள்ள வேண்டும், மீட்டர் முள்ளைப் பார்க்க வேண்டும், மூட வேண்டும். மறுபடி திறக்க வேண்டும். என் புருவம் முழுசாக இருந்ததைப் பார்க்க வேண்டுமென்றால் கல்யாணப் போட்டோவில்தான் பார்க்கலாம். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு கைக்கடிகாரத்தைக் கொடுத்து ஓய்வில் அனுப்பினார்கள். நேராக வீட்டுக்கு வந்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுந்திருக்கும் உத்தேசம் இல்லை.

சும்மா இருப்பதே சுகம் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் பெண்டாட்டி இல்லை என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

முதல் வாரம் அவள் ஒன்றும் பேசவில்லை. இரண்டாவது வாரம் நாற்காலியைச் சுற்றிப் பெருக்கினாள். மூன்றாவது வாரம் என்னையும் சேர்த்துப் பெருக்கினாள். அதற்கப்புறம் வேலை தேட ஆரம்பித்தாள். அவளுக்கில்லை, எனக்கு.

"பள்ளிக்கூடத்துல மோட்டார் போட்டு நிறுத்த ஒரு ஆள் வேணுமாம்."

"மாட்டேன்."

"எங்க அண்ணன் எடை மேடையில சீட்டு எழுதலாமே."

"உங்கண்ணன்கிட்ட கைகட்டி நிக்கறதுக்கு உலைக்குள்ள குதிச்சிடுவேன்."

"குதிக்கறதுன்னா முதல்ல எந்திரிக்கணும்."

ஒருநாள் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். இனி எந்த வேலைக்கும் போகமாட்டேன், முடிந்தது கதை. ஆனால் அதை வீட்டில் வைத்துச் சொல்ல முடியாது. நான் மெதுவாக ஒரு வார்த்தை சொன்னால் அவள் பதில் நாலாவது வீட்டில் கேட்கும். அதனால் அவள் சத்தம் போடவே முடியாத இடமாகப் பார்த்தேன்.

கடைத்தெருவில் புதிதாக ஓர் இத்தாலிய உணவகம் திறந்திருந்தார்கள். அதன் விளம்பரத் தாள் மூன்று நாளாக என் பேப்பருக்குள்ளேயே கிடந்தது. அதிலிருந்த படத்தில் துணி விரித்த மேசைகள், காதோடு காதாகப் பேசுகிற முகங்கள். இங்கே கூட்டிப்போய், வாயில் ரொட்டி இருக்கும்போது விஷயத்தைப் போட்டு உடைத்தால் விழுங்கித்தானே ஆக வேண்டும்? மறுநாள் கேட்டால், 'நேத்து சொன்னப்ப பேசாமத்தானே இருந்தே' என்று மடக்கிவிடலாம். தாளை யார் வைத்தார்கள் என்று மட்டும் நான் யோசிக்கவில்லை. யோசிக்கிறவன் பாய்லர் வேலைக்கா போவான்?

"மத்தியானம் வெளிய சாப்பிடலாமா? அந்த இத்தாலிக் கடையில?"

"சரி," என்றாள்.

முப்பத்தொரு வருஷத்தில் அவள் ஒரே வார்த்தையில் ஒத்துக்கொண்டது அன்றைக்குத்தான். அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

முன்பு செருப்புக்கடையாக இருந்த இடம் அது. மொத்தம் எட்டு மேசை. கடைசியில், எல்லாரும் பார்க்கிற மாதிரி, செங்கல்லில் கவிழ்த்த குடம் போல ஒரு விறகடுப்பு. நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். அவள் அடுப்புக்கு எதிர் மேசைக்கு நடந்தாள்.

"ஜன்னல்கிட்ட உக்காரலாமே."

"வெயில் அடிக்கும்."

"வானம் மூடியிருக்கு."

"திறந்துச்சுன்னா?"

என்னை அடுப்பைப் பார்க்க உட்காரவைத்து, அவள் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கடைக்காரர் வந்தார். மீசையெல்லாம் மாவு. "வாங்க சார்," என்று ரொட்டியும் சூப்பும் வைத்துவிட்டு அடுப்பண்டை போனார். நான் தொண்டையைச் செருமினேன்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"நான் இனிமே..."

அடுப்பில் 'உஸ்' என்று ஒரு சத்தம். விறகின் முனையில் நுரை கட்டியது.

"இனிமே?"

"ஈர விறகு."

"என்னது?"

"ஒண்ணுமில்ல. நான் இனிமே எந்த வேலைக்கும்..."

கடைக்காரர் இன்னும் இரண்டு கட்டைகளை எடுத்து அடுப்பின் வாயிலேயே குறுக்கே போட்டார். புகை உள்ளே போகாமல் எங்கள் சூப்பைப் பார்க்க வந்தது.

"எந்த வேலைக்கும்?"

"காத்து போற வழியையே அடைக்கிறான் படுபாவி."

"நமக்கென்னங்க? நீங்கதான் நெருப்பே வேண்டாம்னுட்டீங்களே." ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்.

பீட்சா வந்தது. மேலே கரி, கீழே பச்சை மாவு. நான் அதைத் தொடவில்லை. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன்.

"பாவம், அவருக்குத் தெரியல," என்றாள். "நீங்களும் ரெண்டு மாசமாச்சு. உங்களுக்கும் மறந்துருக்கும்."

எழுந்துவிட்டேன்.

கடைக்காரர் கையிலிருந்த இரும்புக் கோலைப் பிடுங்கினேன். ஈரக்கட்டைகளை வெளியே இழுத்துப் போட்டேன். கங்குகளையெல்லாம் இடப்பக்கம் ஒதுக்கினேன். மூலையில் காய்ந்த விறகு அழகாக அடுக்கியிருந்தது. அதை வைத்துக்கொண்டு ஏன் ஈரத்தை எரிக்கிறான் என்று கேட்கக்கூட எனக்கு நேரமில்லை. மெல்லிய சிராய்களாகப் பார்த்து, காற்று நுழைய இடம் விட்டுச் சாய்த்து வைத்தேன். புகைபோக்கியின் தகட்டை முக்கால் பங்கு திறந்தேன். ஊதவில்லை. ஊதுகிறவனுக்கு நெருப்பு தெரியாது. அரை மணி நேரத்தில் கரி பிடித்திருந்த உள்கூரை வெளுத்தது. அதுதான் பதம். "இப்ப போடுங்க," என்றேன். இரண்டே நிமிஷத்தில் பீட்சா ஓரமெல்லாம் உப்பிச் சிவந்து வந்தது.

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆலையில் என் நெருப்பைப் பார்த்து ஒருத்தரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

கடைக்காரர் ஆணியிலிருந்து ஒரு ஏப்ரனை எடுத்து என் கழுத்தில் மாட்டினார்.

"அளவு சரியா இருக்கும்ணே. அக்கா உங்க சட்டையைக் கொண்டுவந்து காட்டினாங்க."

வந்தபோது சார், இப்போது அண்ணன். "எந்த அக்கா?" என்றேன்.

அவர் எங்கள் மேசையைப் பார்த்தார். என் நெருப்பில் வெந்த பீட்சாவை அவள் மடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா சொன்ன மாதிரியே எந்திரிச்சு வந்துட்டீங்கண்ணே. விறகை ஈரமாக்கத்தான் கஷ்டப்பட்டேன். ரெண்டு நாள் தொட்டியில ஊறப் போட்டேன்."

நேராக மேசைக்குப் போனேன்.

"முன்னாடியே பேசி வெச்சுட்டியா?"

"வேலை இருக்குன்னு சொன்னா மாட்டேன்னுவீங்க. தப்பா எரியுதுன்னா எந்திரிப்பீங்க."

"நெருப்பு வேண்டாம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே. காசுக்கா? அதான் பென்ஷன் வருதே."

"காசு யாருக்கு வேணும்?" வாயைத் துடைத்துக்கொண்டாள். அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "நீங்க ஆலைக்குப் போயிட்டிருந்தப்ப, தினம் காலையில எட்டு மணியிலருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் அந்த வீடு எனக்கு மட்டும்தான். எங்க போறே, என்ன பண்றேன்னு கேக்க ஆள் கிடையாது. நான் பாட்டுக்கு ஜன்னல்கிட்ட உக்காந்து பாடுவேன். அந்த நாற்காலி என்னுதுங்க. ரெண்டு மாசமா நான் பாடல."

அவள் பாடுவாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நெஞ்சு எரிந்தது. கத்த வேண்டும் போலிருந்தது. சுற்றிலும் எல்லாரும் காதோடு காதாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். சத்தம் போட முடியாத இடமாகப் பார்த்துக் கூட்டிவந்தவன் நான்தான். சொந்தச் செலவில் சூனியம் என்பார்கள். நான் சாப்பாட்டோடு வைத்துக்கொண்டேன்.

"பத்து மணிக்கு வந்தாப் போதும்ணே," என்றார் கடைக்காரர், என் முகத்தைப் பார்த்துவிட்டு. "வாரத்துல ஒரு நாள் கடை லீவு."

அந்த ஒரு நாளாவது மிச்சம் என்று நான் மூச்சு விட்டேன்.

"அன்னைக்கு இவர் வந்து விறகு பொளந்து வெச்சுடுவார் தம்பி," என்றாள் அவள்.