இழுத்தால் பெரிதாகும்

"அந்த மூலைப் பெட்டியை யாரு அழிச்சது?" என்று கத்தினான் ஜியாவுல்லா.

"அங்கயேதான் சார் இருக்குது" என்றாள் பக்கத்து மேஜையில் டைப் அடித்துக்கொண்டிருந்த திரௌபதி.

திருவண்ணாமலையில் கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்த எண்பதுகளின் கடைசி அது. செங்கம் ரோட்டில் அப்பாதுரை திறந்திருந்த கம்ப்யூட்டர் சென்டரில் புரோகிராம் எழுதத் தெரிந்தவன் ஜியாவுல்லா ஒருவன்தான். கீழ்பென்னாத்தூர் அரிசி மில் முதலாளி அர்ஜுனன் கேட்டிருந்த புரோகிராமை முடித்துக்கொண்டிருந்தான். திரையில் இரண்டு ஜன்னல்கள். ஒன்றில் நெல் இருப்பு, இன்னொன்றில் அன்றைய விலை. ஒவ்வொன்றின் கீழ்மூலையிலும் ஒரு சின்னப் பெட்டி. மௌஸால் அதைப் பிடித்து இழுத்தால் ஜன்னல் பெரிதாகும். அர்ஜுனனுக்கு இது பிடிக்காவிட்டால் சென்டரையே இழுத்து மூடிவிடப் போவதாக அப்பாதுரை சொல்லிவிட்டார்.

"நானே தேட வேண்டியிருக்குதுன்னா மில்லுல இருக்கிறவங்க என்னா பண்ணுவாங்க?"

பெட்டியை நாலு மடங்கு பெரிதாக்கினான். அது ஜன்னலின் கடைசி வரியை விழுங்கியது.

"சார், மொத்த மூட்டை தெரியலை."

"ஜன்னலை இழும்மா, தெரியும்."

இழுத்தாள். நெல் ஜன்னல் போய் விலை ஜன்னல் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"இப்ப விலை தெரியலை சார்."

சுருக்குவதற்கென்று இன்னொரு பெட்டி வைத்தான். அமுக்கினால் ஜன்னல் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கி எங்கோ ஒளிந்துகொண்டது. அதைத் தேடிச் சலித்து அந்தப் பெட்டியையும் பெரிதாக்கினான். ஓரம் பிடிபடவில்லை என்று நாலு பக்கமும் தடியாகச் சட்டம் போட்டான். கடைசியில் நெல்லுக்கும் விலைக்கும் சேர்த்து இரண்டு வரி இடம்தான் மிஞ்சியது.

"பழைய சின்னப் பெட்டியே நல்லா இருந்துச்சு சார்" என்றாள் திரௌபதி.

"உனக்குப் பழகிடுச்சு, அதான்."

அப்பாதுரை வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "என்னா பாய் இது? ஜன்னல் வைக்கச் சொன்னா செவுரு எழுப்பி வச்சிருக்கீங்க?"

"ஸ்கிரீன் சரியில்லைங்க. எழுத்தெல்லாம் புகையாட்டம் வருது. வோல்டேஜ் கம்மி."

ஸ்டெபிலைசர் வந்தது. புகை போகவில்லை. வேலூரிலிருந்து வேறு திரை வந்தது. அதிலும் புகை. லாரிகள் கிளப்பும் தூசிதான் காரணமென்று அறையின் நிஜ ஜன்னல்களையும் அடைத்தான் ஜியாவுல்லா. எல்லோரும் வேர்த்துக் கொட்டியபடி வேலை செய்தார்கள்.

திரௌபதி வீட்டுக்குப் போன பிறகு, சாயங்காலம் அர்ஜுனன் வந்தார். அப்பாதுரை தன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தானே மௌஸைப் பிடித்தார். ஒன்றை அமுக்கினார், திரை முழுக்க நெல். இன்னொன்றை அமுக்கினார், எல்லாம் மாயம். மறுபடி அமுக்கினார், சட்டம் மட்டும் வந்து நின்றது.

"எங்க மில்லு ஷட்டரு துருப்பிடிச்சுக் கெடக்குது. அதுகூட இதைவிட லேசா திறக்கும்" என்று எழுந்துகொண்டார்.

ஜியாவுல்லா தலை நிமிரவில்லை. செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது. வெளியே கார் கிளம்பியது. மேலே மின்விசிறி மட்டும் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

அப்பாதுரையின் நாற்காலிப் பக்கம் திரும்பினான்.

"ஒரு வாரம் குடுங்க. எல்லாத்தையும் பிரிச்சுட்டு முதல்லருந்து செய்யறேன்."

பதில் இல்லை.

"எனக்குக் கடை வைக்கத் தெரியாது, யாவாரம் பண்ணத் தெரியாது. இந்த வேலை ஒண்ணுதான் தெரியும். வீட்டுக்காரி மெஹ்ருன்னிசாகிட்ட இன்னும் ஒண்ணும் சொல்லலைங்க. சொன்னா அழுவா."

அதற்கும் பதில் இல்லை. அவ்வளவு கோபம். ஜியாவுல்லா எழுந்து கிட்டே போய்க் கைகூப்பினான்.

"திட்டவாவது செய்ங்க. இப்படி ஒண்ணுமே பேசாம உக்காந்திருந்தா நான் என்னான்னு எடுத்துக்கிறது?"

அறையைப் பெருக்க வந்த உண்ணாமலை துடைப்பத்தோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"யாருகிட்ட சார் பேசுறீங்க? முதலாளி அந்த மில்லுக்காரரு கூடவே காருல போயிட்டாரு, நாற்காலியில கம்ப்யூட்டருக்குப் போத்துற துணிதானே கெடக்குது!"